கண்ணாடி அக்ரிலிக்கில் லேசர் வேலை பிழைத்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

இது 40 முதல் 100 வாட் வரையான கண்ணாடி ரியூப் காபனீரொட்சைட் லேசரில் அக்ரிலிக் சீற் வெட்டுகிறவர்களுக்கும் எழுத்துப் பொறிக்கிறவர்களுக்கும். நேம் போர்ட், பரிசளிப்பு விழாக் கேடயம், பாடும் மீன் பொறித்த நினைவுச்சின்னம் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓடுகிற வேலைகளை மனதில் வைத்தே எழுதப்பட்டது. மெஷினோடு வருகிற கையேடு குளிர்நாட்டு அறையை நினைத்து எழுதியது. நம் கரையோரத்தில் உப்புக்காற்று, மாரி ஈரம், கச்சான் வெக்கை மூன்றும் சேர்ந்து வேறு வரிசையில் பழுதுகளைக் கொண்டுவருகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலையாகப் பவரைக் கூட்ட வேண்டாம். லென்ஸ் அழுக்காக இருக்கும்போது கூட்டினால் லென்ஸ் வெடிக்கும். தண்ணீர் சூடாக இருக்கும்போது கூட்டினால் ரியூப் தேயும். சீற்றே பிழையென்றால் என்ன கூட்டினாலும் திருந்தாது, எரியத்தான் செய்யும்.

கை வைக்க முன் இரண்டு விஷயம். இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது (10.6 மைக்ரோமீற்றர்). மூடி திறந்தால் நிற்கிற சுவிட்சை வயர் போட்டுத் தாண்டியிருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். அக்ரிலிக் எரியும், எரிந்து சொட்டும். மெஷின் ஓடும்போது தேநீர் குடிக்கப் போகக் கூடாது. பக்கத்தில் காபனீரொட்சைட் தீயணைப்பான் வையுங்கள். பவுடர் வகை அடித்தால் தீ அணையும், ஆனால் கண்ணாடி, லென்ஸ், தண்டவாளம் எல்லாம் அரிக்கப்படும்.

## ஒன்றுமே பதியவில்லை, ஒளி ஊடுருவிப் போகிறது

மெஷின் நீல ஒளி டயோட் வகையா என்று பாருங்கள். 450 நானோமீற்றர் நீல ஒளி தெளிந்த அக்ரிலிக்கை ஜன்னல் கண்ணாடியைப் போல் தாண்டிப் போய்விடும். இது பழுதல்ல. கறுப்புப் போஸ்டர் மையை மெல்லப் பூசிக் காயவிட்டுப் பொறித்தால் மேற்பரப்பில் பதியும். பிறகு கழுவிவிடலாம். தெளிந்த சீற்றை அதில் வெட்ட முடியாது. அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

## வெட்டு அடிவரை இறங்கவில்லை

கடைகளில் அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். இதில் நான்கு கிளை உண்டு, உங்களுடையது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஒரு தொடக்க அளவு: 60 வாட் ரியூப், 50.8 மி.மீ. லென்ஸ், 3 மி.மீ. காஸ்ட் (அச்சில் வார்த்த) சீற் என்றால் செக்கனுக்கு 12 முதல் 15 மி.மீ. வேகத்தில் 60 சதவீதப் பவருக்குள் விழ வேண்டும். 5 மி.மீ. சீற்றுக்கு வேகம் 6 அல்லது 7 ஆகக் குறையும்.

### கிளை 1: சீற் முழுக்க ஒரே அளவாகக் குறைகிறது

வேர்ணியர் கலிப்பரால் சீற்றை நாலு இடத்தில் அளவுங்கள். 3 மி.மீ. என்று வாங்கியது 2.7 ஆகவும் இருக்கும், 3.3 ஆகவும் இருக்கும். காஸ்ட் சீற்றில் ஒரே பலகையிலேயே தடிப்பு மாறுவது வழமை. புதுச் சீற் கட்டு உடைத்த நாளில் தொடங்கிய பிழை என்றால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

அடுத்து போக்கஸ். லேசர் தலைக்கும் சீற்றுக்கும் இடையில் வைக்கிற அளவுக்கட்டை தேய்ந்திருக்கலாம், யாராவது வேறு மெஷினின் கட்டையை எடுத்து வைத்திருக்கலாம். ஒரு துண்டுச் சீற்றை ஒரு பக்கம் 10 மி.மீ. உயர்த்திச் சாய்வாக வைத்து, குறைந்த பவரில் நீளமாக ஒரு கோடு இழுங்கள். கோடு எந்த இடத்தில் மிக மெல்லியதாக இருக்கிறதோ அந்த உயரம்தான் சரியான போக்கஸ். அந்த உயரத்துக்குப் புதுக்கட்டை வெட்டிக்கொள்ளுங்கள். 6 மி.மீ.க்கு மேல் தடித்த சீற் வெட்டும்போது போக்கஸை மேற்பரப்பில் வைக்காமல் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறக்கினால் வெட்டுச் சுவர் நேராக வரும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் லென்ஸ். அதைக் கழற்றும் முன் கீழே மடித்த துவாயை விரியுங்கள், விழுந்தால் உடையாமல் இருக்கும். முனையைத் திருகிக் கழற்றி, லென்ஸை ஓரத்தில் பிடித்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். நல்ல லென்ஸ் தோடம்பழச் சாறு நிறத்தில் தெளிவாக இருக்கும். நடுவில் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால் அது அக்ரிலிக் ஆவி படிந்த படலம். லென்ஸ் தாளில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் இரண்டு துளி விட்டு, தாளை லென்ஸின் மேல் போட்டு, அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுங்கள். ஒரு தாளால் ஒரு தடவைதான். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். சேர்ட் நுனி வேண்டவே வேண்டாம்.

படலம் போய்ப் பழுப்புப் புள்ளி மட்டும் நின்றால் மேற்பூச்சு எரிந்துவிட்டது, லென்ஸ் மாற்ற வேண்டும். வெடித்த லென்ஸை வெறுங்கையால் பொறுக்க வேண்டாம். அது சிங்க் செலினைட், தூள் நஞ்சு. கையுறை போட்டு எடுத்துப் பையில் கட்டி வைத்து, கை கழுவுங்கள். திரும்பப் பூட்டும்போது குவிந்த பக்கம் மேலே, தட்டையான பக்கம் சீற்றைப் பார்த்துக் கீழே. எந்தப் பக்கம் குவிந்தது என்று சந்தேகம் என்றால் மேசை விளக்கின் பிம்பத்தை இரண்டு பக்கத்திலும் பாருங்கள். தட்டைப் பக்கத்தில் பிம்பம் நெளியாது.

ரியூப்பிலிருந்து வரும் கதிரை லென்ஸுக்குத் திருப்பிவிடுகிற மூன்று கண்ணாடிகளையும் இதே முறையில் துடையுங்கள். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போலக் கடலுக்குக் கிட்ட உள்ள கடைகளில் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் சேரும். லென்ஸை நாள்தோறும் பார்ப்பதும், கண்ணாடிகளை வாரத்தில் ஒருநாள் துடைப்பதும் அங்கே அதிகப்படியான வேலை அல்ல. பெரும்பாலும் "மறுகாப் பாப்பம்" என்று தள்ளிவைத்த கண்ணாடிதான் கடைசியில் வெடித்து வாசலில் ஆள் நிற்கும் நாளில் வேலையை நிறுத்துகிறது.

எல்லாம் சுத்தம், போக்கஸும் சரி, இன்னும் இறங்கவில்லை என்றால் மெஷினில் உள்ள மில்லி அம்பியர் மீற்றரைப் பாருங்கள். வழமையாக 50 சதவீதத்தில் காட்டும் அளவையே இப்போதும் காட்டினால் பவர் சப்ளை நலம், ரியூப் தேய்ந்திருக்கிறது. ஊசி வழமையை விடத் தாழ்ந்து நின்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு மெஷின் நன்றாக இருந்த நாளின் எண் வேண்டும். ஆகவே இன்று மெஷின் நலமாக இருந்தால் 20, 40, 60 சதவீதத்தில் ஊசி எங்கே நிற்கிறது என்று மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். ரியூப்பில் குறித்திருக்கும் அதிகபட்ச மில்லி அம்பியரில் 80 சதவீதத்துக்கு மேல் நாள் முழுக்க ஓட்டக் கூடாது. மீற்றர் இல்லாத மெஷினுக்கு அதைப் பூட்டுவது திருத்துநர் வேலை, உயர் அழுத்த வயரிங்கில் கைவைப்பதால்.

### கிளை 2: ஒரு மூலையில் மட்டும் இறங்கவில்லை

முதலில் சீற் வளைந்திருக்கிறதா பாருங்கள். கொழும்பிலிருந்து லொறியில் வெயில் பட்டு வந்த சீற், பிறகு கடைச் சுவரில் சாய்த்துக் கிடந்தால் வயிறு தள்ளும். மூலைகளில் காந்தம் வைத்து அழுத்தி மறுபடி வெட்டுங்கள். சீற்றைப் படுக்கையாக அடுக்கினால் இந்தப் பிரச்சினை பாதி குறையும்.

வளைவு இல்லையென்றால் மேசை மட்டம். லேசர் தலையை நாலு மூலைக்கும் கொண்டுபோய் அளவுக்கட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் இறுகி இன்னொரு மூலையில் ஆடினால் மேசைத் திருகாணியில் பிழை.

இரண்டும் சரியென்றால் கண்ணாடி நேர் விலகியிருக்கிறது. இரண்டாம் கண்ணாடி வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பாலத்தை (லேசர் தலை ஓடுகிற குறுக்குச் சட்டத்தை) முதல் கண்ணாடிக்குக் கிட்ட வைத்து ஒரு சிறு துடிப்பு அடியுங்கள். பாலத்தைத் தூரக் கொண்டுபோய் அதே டேப்பில் இன்னொன்று அடியுங்கள். இரண்டு பொட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால் முதல் கண்ணாடியின் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, தூரப் பொட்டைக் கிட்டப் பொட்டின் மேல் கொண்டுவாருங்கள். பிறகு மூன்றாம் கண்ணாடி வாயில் டேப் மாற்றி, லேசர் தலையை இடம், வலம் நகர்த்தி இரண்டாம் கண்ணாடியால் அதே வேலை. பொட்டு துளையின் நடுவில் விழுவது இரண்டாம் பட்சம், எல்லா மூலையிலும் ஒரே இடத்தில் விழுவதுதான் முக்கியம். பலர் நடுவுக்குக் கொண்டுவரப் போய் அரை நாள் சுற்றுகிறார்கள். டேப் ஒட்டவும் கழற்றவும் மட்டும்தான் மூடியைத் திறக்க வேண்டும். துடிப்பு அடிக்கும்போது மூடி கட்டாயம் மூடியிருக்க வேண்டும்.

முதல் கண்ணாடியிலேயே பொட்டு ஓரத்தில் விழுந்தால் ரியூப் இருக்கையில் ஆடியிருக்கிறது. அதில் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

### கிளை 3: காலையில் வெட்டும், மத்தியானம் வெட்டாது

தண்ணீர் சூடு. கச்சான் வீசுகிற மே தொடங்கி ஆவணி வரையான மாதங்களில் இது தவறாமல் வரும். சில்லரின் (ரியூப்புக்குத் தண்ணீரைக் குளிரவைத்து அனுப்புகிற பெட்டியின்) காட்சியில் என்ன எண் நிற்கிறது? 28க்கு மேல் என்றால் ரியூப் பலம் குறையும், 30ஐத் தாண்டினால் வேலையை நிறுத்துங்கள்.

சீடபிள்யூ 3000 என்று எழுதிய பெட்டி வெறும் ரேடியேற்றரும் விசிறியும்தான். அறை 33 பாகை என்றால் தண்ணீர் அதற்குக் கீழே ஒருநாளும் இறங்காது. சீடபிள்யூ 5000, 5200 வகையில் கொம்பிரசர் உண்டு. கொம்பிரசர் உள்ளதே ஏறுகிறது என்றால், பின்பக்கத் தூசு வலையைக் கழற்றிக் கழுவுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். புகை இழுக்கும் விசிறியின் வெக்கை அதன் மேல் விழாமல் திருப்புங்கள். இந்த மூன்றும் பணம் செலவில்லாத வேலை. அதற்குப் பிறகும் ஏறினால் வாயு கசிந்திருக்கலாம், குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற ஆளைக் கூப்பிடுங்கள். லேசர் திருத்துநர் தேவையில்லை.

தொட்டியில் ஐஸ்கட்டி போடுவது அந்த நேரத்துக்கு உதவுவது போல் தெரியும். சூட்டில் இருக்கிற கண்ணாடி ரியூப்பில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும்.

தண்ணீர் பச்சையாக, பிசுபிசுப்பாக இருந்தால் பாசி. கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதோடு சுண்ணாம்பும் படியும், மின்சாரமும் தண்ணீர் வழியே கசியும். வடித்த தண்ணீர் மட்டும் பாவியுங்கள். பெற்றரிக்கு விடுகிற வடித்த தண்ணீர் சரி, ஆனால் போத்தலைப் படித்துப் பாருங்கள், அதே தட்டில் அசிட் போத்தலும் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றியதும் ரியூப்புக்குள் குமிழி நிற்கிறதா பாருங்கள். நின்ற குமிழி அந்த இடத்தைச் சூடாக்கி ரியூப்பை உடைக்கும். மெஷினை ஒரு பக்கம் உயர்த்தி, குழாயை மெல்ல நசித்து விட்டால் வெளியேறும்.

### கிளை 4: மழை நாளில் காலையில் வெட்டாது, போகப் போகச் சரியாகிறது

இது மூன்றாம் கிளைக்கு நேரெதிர். மாரியில் அறை 28 பாகை, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 25 பாகைக்குக் கீழே உள்ள எதன் மேலும் காற்றின் ஈரம் துளியாகப் படியும். கையேடு 18 அல்லது 20 பாகை வைக்கச் சொல்கிறது. அப்படி வைத்தால் சோடாப் போத்தல் வியர்ப்பது போல ரியூப்பின் வாய்க்கண்ணாடி வியர்க்கும். கதிர் அந்த ஈரத்தில் பலம் இழக்கும், ஈரத்தோடு அடித்தால் வாய்க்கண்ணாடியில் புள்ளி விழும். உயர் அழுத்த முனைப் பக்கம் வியர்த்தால் பொறி பாயும்.

மெஷினின் கரண்டை நிறுத்திவிட்டு, டோர்ச் அடித்து ரியூப் வாயைப் பாருங்கள். தொட வேண்டாம். மங்கல் தெரிந்தால் சில்லரை நிறுத்தி, மூடியைத் திறந்து சாதாரண மேசை விசிறியை ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு சில்லரை 26 பாகைக்கு உயர்த்துங்கள். ரியூப் ஒன்றிரண்டு சதவீதப் பலம் குறையும், போகட்டும். ஏசி அறையில் 25 பாகையும் 55 சதவீத ஈரப்பதமும் நின்றால் ஈரம் படிகிற அளவு 15 பாகைக்கு இறங்கிவிடும். அங்கே 20 வைக்கலாம், ஆனால் கதவை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கிற கடைக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஈரப்பதம் காட்டுகிற சிறிய மீற்றர் ஒன்று மெஷினுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

## எழுத்து வெள்ளையாக வரவில்லை

பொறித்த இடம் பனி பிடித்தது போல வெள்ளையாக வராமல், தண்ணீர் பட்டது போலத் தெளிவாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இருந்தால் சீற் எக்ஸ்ட்ரூடட் (அச்சுவாயால் தள்ளி எடுத்த) வகை. செற்றிங்கால் திருத்த முடியாது. காஸ்ட் சீற்தான் வெள்ளையாகப் பதியும். வாங்கும்போது மேல் ஒட்டிய தாள், பிளாஸ்டிக் படலம் என்பவற்றை வைத்து வகை சொல்ல முடியாது. ஒரு சிறு துண்டு வாங்கி வந்து பொறித்துப் பார்ப்பதே நம்பகமான வழி. எக்ஸ்ட்ரூடட் சீற்றை வீச வேண்டாம். வெட்டுவதற்கு அது நல்லது, விளிம்பு பளபளவென்று வரும்.

காஸ்ட் என்று உறுதியாகத் தெரிந்தும் வெள்ளை திட்டுத் திட்டாக வந்தால் பவர் மிகவும் குறைவு. கண்ணாடி ரியூப் 10, 12 சதவீதத்துக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் எரியும். 15 சதவீதத்துக்கு ஏற்றி, வேகத்தை 300 மி.மீ.க்கு உயர்த்துங்கள், வரி இடைவெளி 0.1 மி.மீ. வெள்ளை அதிகமாகிக் குழியாக விழுந்து ஓரம் உருகினால் பவர் கூட. வெள்ளை வேண்டும் என்பதற்காக ஆழம் தோண்ட வேண்டியதில்லை. போக்கஸை 2 மி.மீ. விலக்கினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து சீராகும்.

## மெய்யெழுத்துப் புள்ளி காணாமல் போகிறது

ஆங்கிலம் பொறிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை 'ஐ'யின் தலைப்புள்ளியோடு முடிந்துவிடும், நமக்கு ஒவ்வொரு சொல்லிலும் உண்டு. சிறிய எழுத்தில் புள்ளி 0.6 மி.மீ. என்றால், செக்கனுக்கு 300 மி.மீ. வேகத்தில் லேசர் தலை அதைத் தாண்ட 2 மில்லி செக்கன்தான். கண்ணாடி ரியூப் எரிந்து நிலைக்கவே கிட்டத்தட்ட ஒரு மில்லி செக்கன் எடுக்கும். அதனால் புள்ளி பாதி வலுவில் விழுகிறது. தலைமையாசிரியரின் பெயரில் 'ன்' 'ன' ஆகிவிட்டால் கேடயம் திரும்பி வரும்.

வேகத்தை 150க்கு இறக்கிப் பவரையும் குறையுங்கள், ஆனால் முன்பு சொன்ன 12 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம். போதாதென்றால் டிசைனிலேயே புள்ளிகளை மட்டும் தெரிவு செய்து விட்டத்தை 30 சதவீதம் பெருப்பியுங்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்துகளை வெட்டி எடுத்து ஒட்டுகிற வேலையில் புள்ளி தனித்துண்டாக விழுந்து தேன்கூட்டு மேசையில் சரிந்து நிற்கும். அடுத்த வரியில் லேசர் தலை அதில் தட்டினால் முழுச் சீற்றும் நகரும். புள்ளிகளைக் கடைசியில் வெட்டும்படி வரிசையை மாற்றுங்கள்.

எழுத்தே ஆங்கிலக் குறிகளாகக் குழம்பி வந்தால் பாமினி எழுத்துரு லேசர் கணினியில் இல்லை. கோப்பை அனுப்ப முன் எழுத்தைக் கோடாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து இரண்டிரண்டு நிழலாக, ஒரு வரி இடப்பக்கமும் அடுத்த வரி வலப்பக்கமும் தள்ளி வந்தால் பெல்ற் தளர்ந்திருக்கிறது, அல்லது மோட்டர்ச் சில்லின் சிறு அலன் திருகாணி ஆடுகிறது. இரண்டையும் இறுக்கிய பிறகும் நின்றால் மென்பொருளில் இருவழித் திருத்த அளவை மாற்றுங்கள்.

## விளிம்பில் தீ, மஞ்சள், பின்பக்கத்தில் பொட்டுகள்

தீ எழுந்தால் காற்றுப் பம்பி நின்றிருக்கிறது அல்லது குழாய் கழன்றிருக்கிறது. முனைக்குக் கீழே விரல் வைத்துப் பாருங்கள் (லேசர் நிறுத்தியபின்). காற்றை மிகக் கூட்டினால் விளிம்பு பனியாகும், குறைத்தால் பளபளக்கும், நிறுத்தினால் எரியும். பளபளப்பு வேண்டிய வேலைக்கு மெல்லிய காற்று.

மஞ்சள், பழுப்பு நிறம் அக்ரிலிக்கில் வராது. வந்தால் அது பெரும்பாலும் பொலிகாபனேற். அதை இந்த மெஷினில் வெட்டாதீர்கள். பிவிசியாக இருந்தால் விஷயம் இன்னும் மோசம்: ஐதரசன் குளோரைட் வாயு நெஞ்சையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும். சந்தேகம் என்றால் செப்புக் கம்பியைச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுவாலையில் பிடியுங்கள். பச்சைச் சுவாலை தெரிந்தால் குளோரின் இருக்கிறது. வெளியிடத்தில் மட்டும் செய்யுங்கள்.

பின்பக்கப் பொட்டுகள் தேன்கூட்டு மேசையில் பட்டுத் திரும்புகிற கதிரால். அடியில் தாள் மறைப்பை உரிக்காமல் விடுங்கள், அல்லது சீற்றை ஆணிகளின் மேல் 10 மி.மீ. உயர்த்தி வையுங்கள்.

## வெட்டிய அன்று நன்றாக இருந்தது, பிறகு வெடிப்பு விழுந்தது

கேடயத்தைக் கையில் எடுத்து, ரியூப் லைட் பக்கம் சரித்துப் பாருங்கள். எழுத்தின் ஓரத்திலிருந்து, ஒட்டிய மூட்டிலிருந்து, வெள்ளி நூல் போல மெல்லிய கோடுகள் உள்ளே ஓடும். நேராகப் பார்த்தால் தெரியாது, சரித்தால் மின்னும். நகத்தால் தடவினால் தட்டுப்படாது, ஏனென்றால் பல கோடுகள் உள்ளேயே நிற்கின்றன.

லேசர் சூட்டில் விளிம்பு உருகி, ஆறும்போது சுருங்கி, உள்ளே இழுவை தங்கிவிடுகிறது. அந்த இழுவையின் மேல் கரைப்பான் பட்டதும் வெடிப்பு ஓடும். ஆகவே முதல் கேள்வி: எதால் துடைத்தீர்கள்? தின்னர், அல்ககோல், கண்ணாடி துடைக்கும் நீல ஸ்பிரே எல்லாம் குற்றவாளிகள். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். லென்ஸுக்குச் சொன்ன அல்ககோலை அக்ரிலிக்குக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, எதால் ஒட்டினீர்கள்? குளோரோபோம் விட்டு ஒட்டுகிற வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. லேசர் வெட்டிய பளபளப்பான விளிம்பில் அதை நேரே விட்டால் அடுத்த நாளே கோடு விழும். ஒட்ட இருக்கிற விளிம்பை 400ஆம் நம்பர் ஈர உப்புத்தாளால் தேய்த்து உருகிய தோலை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். குளோரோபோம் போத்தல் லேசர் அறைக்குள் இருக்கவே கூடாது. அதன் ஆவி பெருஞ்சூட்டில் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

இரண்டும் இல்லையென்றால், அல்லது வேலை விலை உயர்ந்ததென்றால், சூடேற்றி ஆற்ற வேண்டும். காஸ்ட் அக்ரிலிக்கை 80 பாகையில் வைக்க வேண்டிய மணித்தியாலம், தடிப்பு மில்லிமீற்றரை 3ஆல் பிரித்தால் வரும். எவ்வளவு மெல்லியதென்றாலும் 2 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. 12 மி.மீ. கேடயத்துக்கு 4 மணித்தியாலம். பிறகு அவணை நிறுத்தி, கதவைத் திறக்காமல், 60 பாகைக்குக் கீழே தானாக இறங்க விடுங்கள். பேக்கரி அவணின் திருகியை நம்பாமல் தனி வெப்பமானி வையுங்கள். 100ஐத் தாண்டினால் அக்ரிலிக் வளையும். சமைக்கிற அவணில் இதைச் செய்ய வேண்டாம். மறைப்புத் தாளை உரித்துவிட்டு வையுங்கள். ஏற்கெனவே விழுந்த கோடு இதனால் மறையாது.

ஆய்வுகூடங்களில் உள்ள அதிகுறுந்துடிப்பு லேசருக்கு இந்தத் தலையிடி மிகக் குறைவு. ஒரு செக்கனைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி பத்து இலட்சமாகப் பிரித்தால் வருகிற நேரத்துக்குள் துடிப்பு முடிந்துவிடும். சூடு பக்கத்துக்குப் பரவ நேரம் இல்லை. அந்தக் கணப்பொழுதுச் செறிவால், சாதாரண ஒளி ஊடுருவிப் போகிற தெளிந்த பிளாஸ்டிக்கே அதை உறிஞ்சிக்கொள்ளும். நம் கடை மெஷின் சூட்டால் வேலை செய்கிறது, சூட்டின் கணக்கை நாம்தான் தீர்க்க வேண்டும்.

## பொறித்த இடத்தைச் சுற்றிப் புகைப்படலம், அறையில் நாற்றம்

எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, புகை உறிஞ்சுகிற பக்கத்தை நோக்கிப் பொறித்து நகர்ந்தால், ஆவி புதிதாகப் பொறித்த இடத்தின் மேல் படியாது. விசிறிக் குழாயில் பல்லி, குளவிக் கூடு இருக்கிறதா பாருங்கள். மாரியில் மட்டும் நாற்றம் என்றால், குழாய் வாய் வடகிழக்கைப் பார்த்து நிற்கும், வாடைக்காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். கீழ்நோக்கிய முழங்கை ஒன்று பூட்டினால் தீர்ந்தது.

## லேசர் எரியவே இல்லை, அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

நீங்கள் பார்க்கக் கூடியவை: மூடிச் சுவிட்ச் முழுதாக அழுந்துகிறதா, தண்ணீர் ஓடுகிறதா (ஓட்டம் நின்றால் லேசர் தானே பூட்டிக்கொள்ளும்), அவசரநிறுத்தப் பொத்தான் அமுங்கி நிற்கிறதா, கடையில் 230 வோல்ட் வருகிறதா. மாலையில் எல்லாரும் விளக்குப் போடும் நேரத்தில் மட்டும் நிற்கிறது என்றால் வோல்டேஜ் பார்க்க மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

மெஷின் உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை. நம் மணல் நிலத்தில் கோடையில் எர்த் கம்பியைச் சுற்றி ஈரம் வற்றிவிடும், மாரியில் அளந்து சரியென்று சொன்ன எர்த் ஆவணியில் செத்துக் கிடக்கும். கோடையில் அளக்கச் சொல்லுங்கள்.

"சட் சட்" என்று சத்தம், மின்னல் அடித்த பின் வருவது போன்ற ஓசோன் மணம், இருட்டில் ரியூப் முனையில் ஊதாப் பொறி: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மெயின் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, மூடியை மூடிவிட்டு விலகுங்கள். அந்தச் சிவப்பு வயரில் ஓடுவது 15,000 வோல்டுக்கு மேல். கரண்டை நிறுத்திய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். ரியூப் முனையின் சிலிக்கனைப் பிரிப்பது, பவர் சப்ளைப் பெட்டியைத் திறப்பது, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுப்பது ஆகிய மூன்றும் திருத்துநருக்கும் ஆபத்தான வேலைகள்.

அவரைக் கூப்பிடும்போது தொலைபேசியில் இவ்வளவும் தயாராக இருந்தால் சரியான சாமானோடு வருவார்: ரியூப்பின் நீளம், விட்டம், வாட், எத்தனை மணித்தியாலம் ஓடியது, 50 சதவீதத்தில் ஊசி காட்டும் மில்லி அம்பியர் அன்றும் இன்றும், தண்ணீர்ச் சூடு, நாலு மூலை டேப் பொட்டுகளின் படம், ரியூப் எரியும்போது உள்ளே ஊதாவா, வெளிறிய வெள்ளையா என்பது. வெளிறியிருந்தால் பெரும்பாலும் ரியூப்தான் முடிந்திருக்கும்.

புது ரியூப் கொழும்பிலிருந்து வந்தால் கொண்டுவந்தவர் நிற்கும்போதே பெட்டியைப் பிரித்து, உள்ளே சுருண்டிருக்கும் மெல்லிய கண்ணாடிச் சுருள் முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெளிக்குழாய் நன்றாக இருந்து அந்தச் சுருள் மட்டும் உடைந்து வருவதும் உண்டு. பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.